நம்மூரைப் பற்றி நாமே எழுதுவோம்

அறிவுச் செல்வத்தைத் தொகுத்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் பணி தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்டார். தமிழகத்தில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை அளித்தனர். அதன் முதல் தொகுதி 1954இல் வந்தது. இவை யாவும் அறிஞர் பெருமக்கள் ஆக்கியவை. நாம் அவற்றைப் படித்துப் பயன்பெறலாம். ஆயின், ஒரு வரியேனும் அவற்றில் சேர்க்க இயலாது.

2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. இணையத்தில் உள்ள இக்கலைக்களஞ்சியத்தைப் படிப்பவரே எழுதவும் திருத்தவும் செய்யலாம். இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் தொடக்க காலந்தொட்டே உழைத்தவர்களுள் முதன்மையானவர். ஊதியம் பெறாத தன்னார்வலர் பலரின் உழைப்பால் 2017ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன.

நம் மாணவர்கள் வீட்டுப்பாடத்திற்கு வேண்டிய செய்திகளை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். எடுப்பது மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனெனில், நம்மைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று பழைய நிலையில் இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. அலுவலகப் பதிவேட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்கள் எத்தனை! அப்பெயர்களை அறிந்த முதியோர் மறைந்தால் பெயர்களும் அவர்களோடு மறையும். நம்மூரைப் பற்றி நாம் எழுதாவிடில், வேறு யார் வந்து எழுதுவர்?

எனினும், எழுதப் புகுவோர் சில நெறிகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, சிறிதாகத் தொடங்குக. புதிதாக மரம் சீவ வருபவர் முதல் நாளே தேர்ந்தவர்போல் கத்தியை ஆழ இறக்கலாகாது. பட்டை காயப்பட்டால் அது மீண்டும் சீராக வளராது என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். எழுதப் பழகுவோர்க்கென்றே விக்கிப்பீடியாவில் ‘மணல்தொட்டி’ என்னும் பக்கம் உண்டு. அங்குப் பழகிய பின், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துக. விடுபட்ட ஓர் ஆண்டைச் சேர்த்திடுக. மரத்திற்கு இல்லாத ஒரு வசதியும் இங்கு உண்டு. ஒவ்வொரு திருத்தத்தின் முந்தைய வடிவமும் ‘வரலாறு’ என்னும் பகுதியில் காக்கப்படுவதால், தவறு நேரின் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம். ஆகவே, அச்சம் வேண்டா.

இரண்டாவது, புகழ்ச்சியை விடுத்து உண்மையை எழுதுக. “எங்கள் பள்ளியே தலைசிறந்த பள்ளி” என்பது கலைக்களஞ்சியத்திற்குரிய வாசகம் அன்று. பள்ளி தொடங்கிய ஆண்டு, அமைந்துள்ள இடம், கட்டடம் எழுந்த வரலாறு ஆகியனவே அங்குப் பயன்படும். தம்மைப் பற்றியும் தம் குடும்பத்தைப் பற்றியும் தாமே எழுதுதல் தகாது.

மூன்றாவது, சான்றின்றி எழுதற்க. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். புலாவ் செபாங் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அதனை ஒட்டியுள்ள தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ஆனால், நம் இரயில் நிலையத்திற்கு இரண்டு ஊர்களின் பெயர்களும் சேர்ந்தே வழங்குகின்றன. வெளியூரார் ஒருவர் இதனை அறியாமல் மாநிலத்தை மாற்றி எழுதிவிடலாம். “நான் இவ்வூரான், எனக்குத் தெரியும்” என்பது அவருக்கு விடையாகாது. நூல், நாளிதழ், அரசு வெளியீடு இவற்றுள் ஒன்றைக் காட்டுதலே தக்க விடையாகும்.

நான்காவது, பிறர் எழுத்தைப் படியெடுத்து ஒட்டற்க. செய்தியை உள்வாங்கிச் சொந்த நடையில் எழுதுக. கருவி மொழிபெயர்த்துத் தருவதை அப்படியே இடுவதும் தவறே. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் திட்டத்தின்வழி ஆங்கிலக் கட்டுரைகள் பல மொழிபெயர்க்கப்பட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கப்பட்டன. அவற்றின் நடை தமிழாக இல்லையென அங்குத் தொண்டாற்றுவோர் குறைகூறினர். எண்ணிக்கை பெருகியது, திருத்தும் சுமையும் பெருகியது.

ஐந்தாவது, சினத்தை அடக்குக. அரும்பாடுபட்டு எழுதிய வரியை வேறொருவர் நீக்கிவிடக்கூடும். உடனே மீண்டும் அதனை இட்டுப் போரிடுதல் அழகன்று. அவர் கூறிய காரணத்தைப் படித்து, கட்டுரையின் உரையாடற் பக்கத்தில் பணிவுடன் வினவுக. ‘ஒத்தாசைப் பக்கம்’, ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கங்களிலும் உதவி கேட்கலாம். நாம் ‘ரப்பர்’ என எழுதுவதை இலங்கையார் ‘இறப்பர்’ என எழுதுவர். இரண்டும் தமிழே. ஒருவர் மற்றவரைத் திருத்தப் புகுதல் வீண் வேலை.

இங்கு ஒரு நியாயமான வினா எழும். தோட்டத்து முதியோர் அறிந்தவை எந்த நூலிலும் இல்லையே. அவற்றுக்குச் சான்று ஏது? இது மெய்யான இடர்ப்பாடே. செவிவழிச் செய்தியை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. அவ்விதியைக் குறைகூறிப் பயனில்லை. அவ்விதி இல்லாவிடில், வாய்க்கு வந்ததெல்லாம் வரலாறாகிவிடும். முதற்கண் அச்செய்திகளை அச்சில் ஏற்றுவதே நாம் செய்யத்தக்கது. பிரட்டுக்களம் எங்கிருந்தது, ஆயாக்கொட்டகை எப்போது மூடப்பட்டது, கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பனவற்றை மாணவர்கள் பெரியோரிடம் கேட்டு, சொன்ன நாளையும் குறித்து, இத்தகைய ஆண்டு மலர்களிலும் நாளிதழ்களிலும் எழுதலாம். இருவர் இருவேறு ஆண்டுகளைக் கூறினால் இரண்டையும் குறிக்கலாம். அச்சேறிய அனைத்தும் கலைக்களஞ்சியத்திற்கு வலுவான சான்றாகிவிடா. எனினும், நாளை ஆராய்ந்து எழுதுவோர்க்கு அவை அடிப்படையாகும். எழுதப்படாத செய்திக்கோ எக்காலத்தும் இடமில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் இப்பணியில் ஈடுபடும்போது அருகிருந்து துணை செய்யுங்கள். புனைபெயரில் எழுத அங்கு இடமுண்டு. பிள்ளைகளின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், படம் ஆகியவற்றை வெளியிட வேண்டா. “எங்களுக்குப் படிப்பில்லையே” என்று தோட்டத் தொழிலாளர் தயங்கவும் வேண்டா. எழுதும் கை பிள்ளையுடையதாகுக. அறிந்து சொல்லும் வாய் உங்களுடையதாகுக.

மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் உங்கள் தோட்டத்தைப் பற்றி ஐந்து வரிகள் எழுதி வாருங்கள். அவை ஐந்தும் மெய்யான வரிகளாக இருக்கட்டும். சிறு துளியே பெருவெள்ளமாகும். எழுதுவோம், சான்றோடு எழுதுவோம், தமிழால் எழுதுவோம்.

— தலைமையாசிரியர்