ஃபயர்பிளேஸில் தீ மூட்டினால் அறையெல்லாம் புகையா? காரணமும் தீர்வும்!

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களில் கணப்பு அடுப்பு, அதாவது ஃபயர்பிளேஸ், இன்றும் இருக்கிறது. மார்கழிக் குளிருக்கு ஆசையாகத் தீ மூட்டினால், புகை சிம்னி வழியாக மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பிவிடும். கண் எரிச்சல், இருமல், சுவரெல்லாம் கரி. உடனே எல்லோரும் விறகைத்தான் குறை சொல்வார்கள். ஆனால், புகை எப்போது வருகிறது என்று கவனித்தாலே உண்மையான காரணம் பிடிபட்டுவிடும்.

புகை எப்படி மேலே போகிறது?

சூடான காற்று லேசானது. அது சிம்னியில் ஏறும்போது, அந்த இடத்தை நிரப்ப அறைக்குள்ளிருந்து காற்று அடுப்பை நோக்கி வரும். இந்த ஓட்டம் எங்கே தடைபட்டாலும் புகை அறைக்குள் வரும்.

மூட்டும்போது மட்டும் புகைகிறதா?

பல நாள் பயன்படுத்தாத சிம்னிக்குள் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். புகைபோக்கியை அடைக்கும் தகடு இருந்தால் முதலில் அதை முழுதாகத் திறக்க வேண்டும். பிறகு, சுருட்டிய செய்தித்தாளைக் கொளுத்தி, சிம்னியின் வாய்ப்பகுதியில் ஒரு நிமிடம் காட்டினால் உள்ளே சூடேறும். அதன்பின் சுள்ளிகளை மூட்டலாம்.

ஜன்னலைத் திறந்தால் நின்றுவிடுகிறதா?

அப்படியானால் அறைக்குள் போதிய காற்று வரவில்லை. குளிருக்குப் பயந்து எல்லா இடுக்குகளையும் அடைத்துவிட்டாலோ, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலோ இப்படி ஆகும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்தால் போதும்.

எப்போதுமே புகைகிறதா?

முதலில் சிம்னியைச் சுத்தம் செய்ய வேண்டும். பறவைக் கூடு, சருகு, கரிப்படிவு என எதுவும் அடைத்திருக்கலாம். கரிப்படிவு தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது.

சுத்தம் செய்தும் நிற்கவில்லை என்றால், அடுப்பின் வாய், சிம்னியின் அகலத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கலாம். சிம்னித் துளையின் பரப்பு, அடுப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தீ எரியும்போது, அடுப்பு வாயின் மேல்விளிம்பில் ஓர் இரும்புத் தகட்டைக் கையுறை போட்டுப் பிடித்து மெல்லக் கீழே இறக்கவும். எந்த உயரத்தில் புகை நிற்கிறதோ, அந்த அளவுக்குத் தகட்டை நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். அடுப்பின் தரையைத் தீச்செங்கல்லால் உயர்த்துவதும் இதே பலனைத் தரும்.

காற்றடித்தால் மட்டும் புகைகிறதா?

கோளாறு சிம்னியின் உச்சியில். சிம்னி, கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் யூகலிப்டஸ் உயர்ந்து வளர்ந்திருந்தால், காற்று அதில் மோதி சிம்னிக்குள் கீழ்நோக்கி இறங்கும். உச்சியில் காற்றுத் தடுப்புத் தொப்பி பொருத்தலாம். உயரம் போதாவிட்டால் கொத்தனாரை வைத்து உயர்த்தலாம்.

விறகிலும் கவனம்!

ஈர விறகின் சூடெல்லாம் அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், சிம்னி சூடேறாது. வெட்டிப் பிளந்து, மழை படாமல் ஓர் ஆண்டாவது உலர்த்திய விறகே நல்லது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும்.

மறக்கக் கூடாதது

புகையைக் கண்ணால் பார்க்கலாம். அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எனவே, கங்கு முழுதாக அணையும்வரை சிம்னித் தகட்டை மூடக் கூடாது. அடுப்பு புகைகிறதே என்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது அதைவிட ஆபத்து. தீ எரியும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால், உடனே குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 108-க்கு அழையுங்கள். அறையை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.