கைக்கு ஒரு வேலை



சென்ற மாதம் பரணை ஒழித்தபோது அம்மாவின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அம்மா எழுதியது. லட்சம் எழுதுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டரிடம் நாலு கேள்வி கேட்காமல் இப்படிக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாளே என்று.

அந்த நோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். காரணம், உங்கள் கடிதங்கள். வேலை போனவர்கள் எழுதுகிறீர்கள், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் எழுதுகிறீர்கள். ‘மனசு எதிலும் நிற்கவில்லை, எதைப் படித்தால் ஆறும்?’ என்று கேட்கிறீர்கள். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மனசு நிற்காதபோது முதலில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

வ.உ.சி.யை நினைத்துக்கொள்கிறேன். 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது அவருக்கு வயது 35. அரும்பாடுபட்டுத் தொடங்கிய கப்பல் கம்பெனி கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது. கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கு. செக்கிழுத்ததை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதே கைகள் சிறையில் பேனாவும் பிடித்தன என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழில் தந்தார். கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றிய பிறகு, உடனிருந்த கைதிகளுக்குச் சொல்லிவந்த அறநெறிகளை 125 அதிகாரங்களாக்கி ‘மெய்யறம்’ எழுதினார். தன் துயரத்தைப் புலம்பி எழுத எல்லா நியாயமும் இருந்தவர், பக்கத்தில் இருந்தவனுக்குப் பயன்படும் புத்தகமாக எழுதினாரே, அதுதான் என்னை மிகவும் உலுக்குகிறது.

இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். செக் நாட்டில் தெரேசின் என்ற ஊரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த இடத்தில், ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த தாளில் எல்லாம் வரைந்தார்கள். படத்தின் ஓரத்தில் சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். முகாமில் மனிதர்கள் எண்களாகியிருந்த காலம் அது. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஓவியம் அவர்களைக் காப்பாற்றியது என்று நான் எழுதினால் அது பொய். வரைந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையதாக இருந்தது. அதை யாரும் பறிக்க முடியவில்லை.

பக்தியையும் நான் இப்போது இப்படி, கைக்கு ஒரு வேலையாகத்தான் புரிந்துகொள்கிறேன். ஜெபமாலை உருட்டும் விரல், தஸ்பீஹ் எண்ணும் விரல், விடியற்காலையில் கோலப் புள்ளி வைக்கும் விரல் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம்.

அம்மாவின் நோட்டுக்கு வருகிறேன். எழுதியது ஒரே சொல்தான், கையெழுத்துதான் நாளுக்கு நாள் வேறு. ஆபரேஷன் நடந்த தேதியில் வரிகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்குகின்றன. அப்பா கஞ்சி குடித்த நாளில் முத்து முத்தாக இருக்கின்றன. அன்று அவள் டாக்டரிடம் கேட்காததெல்லாம் இந்தக் கோணல்களில் இருக்கிறது. எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியவில்லை.

அப்பா வீடு திரும்பவில்லை. அந்தத் தேதியோடு நோட்டு நின்றுபோயிருக்கும் என்று நினைத்துத்தான் பக்கத்தைப் புரட்டினேன். பதினாறு நாள் இடைவெளி. பதினேழாம் நாள், விட்ட எண்ணிலிருந்தே தொடர்ந்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்