ஊர் சுற்றலாம் வாருங்கள்: நாகஸாகி

பாயசத்தில் இனிப்புக் குறைந்தால் நம் வீட்டில் என்ன கேட்பார்கள்? "சர்க்கரை டப்பா காலியா?" என்பார்கள். ஜப்பானில் இதற்கென்றே ஒரு பேச்சு வழக்கு உண்டு. "நாகஸாகி ரொம்பத் தூரம் போலிருக்கிறதே!" என்பார்களாம். அந்தக் காலத்தில் சர்க்கரை மூட்டைகள் கப்பலிலிருந்து இறங்கிய ஊர் அது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக, பலகாரத்தில் தித்திப்பும் குறையும்!

வாருங்கள், முதலில் டெஜிமாவைப் பார்க்கலாம். கடலில் மண் கொட்டி, 1636-ல் விசிறி வடிவத்தில் கட்டி முடித்த குட்டித் தீவு இது. மொத்தம் நாலு ஏக்கர்கூடத் தேறாது. ஜப்பான் தன் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல், ஐரோப்பியருக்குத் திறந்திருந்த ஒரே வாசல் இதுதான். 1641 முதல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் இங்கே இருந்தார்கள். அனுமதியில்லாமல் தீவை விட்டு ஓர் அடி வைக்க முடியாது. இன்று சுற்றிலும் கடல் தூர்ந்து, தீவு ஊருக்கு நடுவே வந்துவிட்டது. பழைய வீடுகளை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 2017-ல் திறந்த சிறு பாலத்தின் வழியே நடந்தே போகலாம்.

நமக்கும் இந்தத் தீவுக்கும் ஓர் உறவு உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தது இதே கம்பெனிதான். சோழமண்டலக் கரையின் துணிகள் அதன் கப்பல்களில் இங்கே வந்து இறங்கின. கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே'. ஆமாம், நம் மயிலாப்பூர் சாந்தோம்தான்!

துணிக்கும் சர்க்கரைக்கும் திறந்த கதவு, பெண்ணுக்குத் திறக்கவில்லை. 1817-ல் டச்சுத் தலைமை அதிகாரியின் மனைவி டிட்சியா, கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தாள். பெண்கள் தங்கக் கூடாதென்று அரசாங்கம் உத்தரவு போட்டது. சில மாதங்களில் திரும்பிப் போனாள். அதற்குள் ஜப்பானிய ஓவியர்கள் அவளைப் படம் படமாக வரைந்து தள்ளிவிட்டார்கள். கணவனை அவள் மறுபடி பார்க்கவேயில்லை. 1821-ல் ஊரிலேயே இறந்துபோனாள். படங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

மனம் கனக்கிறதா? ஒரு துண்டு காஸ்தெரா சாப்பிடுங்கள். போர்ச்சுகீசியர் கற்றுக்கொடுத்த கேக் இது. வெண்ணெயும் இல்லை, பாலும் இல்லை. முட்டையை நுரைக்க அடிக்கிற கைத்திறனில்தான் அது உப்புகிறது. அடியில் பரல் சர்க்கரை நறநறவென்று பல்லில் படும்.

மத்தியான்னத்துக்குச் சாம்போன். சீனாவிலிருந்து வந்து 1899-ல் ஓட்டல் தொடங்கிய சென் பிங்ஷுன் என்பவர், ஏழைச் சீன மாணவர்கள் மலிவாக வயிறு நிறையட்டுமென்று கண்டுபிடித்தது. முட்டைக்கோஸ், முளைப்பயறு, இறால், பன்றி இறைச்சி எல்லாம் வதக்கி, எலும்புச் சாற்றில் சேவையோடு கொதிக்கவைத்த ஒரே கிண்ணச் சாப்பாடு. சைவக்காரச் சகோதரிகள் சற்றே ஒதுங்கி நின்று வாசனையோடு திருப்தியடைய வேண்டியதுதான்!

விருந்தென்றால் ஷிப்போகு. ஜப்பானில் அவரவருக்குத் தனித்தட்டு வைப்பது பழைய முறை. இங்கேயோ சிவப்பு மெருகிட்ட வட்ட மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானியப் பக்குவமும் சீனப் பக்குவமும் ஐரோப்பியப் பக்குவமும் அந்த மேஜையில் ஒன்றாய்க் கலந்திருக்கும். வட்ட மேஜைக்கு உயர்ந்த இடமேது, தாழ்ந்த இடமேது? முதலில் சூப், அதைச் சாப்பிடும்வரை பிரசங்கம் கிடையாது! முடிவில் சிவப்புப் பயறும் சர்க்கரையும் சேர்ந்த, பாயசம் போன்ற ஒரு கிண்ணம்.

சாப்பிட்டாயிற்று. டிராம் ஏறி உரகாமி பக்கம் போவோம். 1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிஷம். இந்தப் பகுதிக்கு மேலேதான் அணுகுண்டு வெடித்தது. அந்த வருஷ முடிவுக்குள் மாண்டவர்கள் 70,000-க்கும் மேல். உடம்பெல்லாம் வெந்துபோனவர்கள் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று: தண்ணீர். கிடைக்காமலே பலர் போய்விட்டார்கள். அவர்களுக்காக 1969-ல் சமாதானப் பூங்காவில் ஒரு நீரூற்று அமைத்தார்கள். புறா சிறகு விரிப்பதுபோல் நீர் எழுந்து எழுந்து விழுகிறது.

வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடு என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். கடல் கடந்து வந்தவர்களின் கைப்பக்குவத்தையெல்லாம் தன் மேஜையில் ஏற்றுக்கொண்ட ஊர், தன் பிள்ளைகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியாமல் தவித்த நாள் அது. இன்றும் அங்கே நினைவுச் சின்னங்களின் முன்னால் பூவோடு தண்ணீரும் வைக்கிறார்கள். நாகஸாகிக்குப் போனால், காஸ்தெரா பொட்டலம் வாங்குமுன் நீங்களும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள்.