விருந்துக்கு முன்னால் ஒரு தட்டு

அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்முறை என் முன்னால் இருக்கிறது. மகன் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற சந்தோஷத்துக்காக இருபது பேரைப் பின்னேரம் வீட்டுக்கு அழைத்திருக்கிறாராம். "புரியாணி ஆக்குவதற்கு ஆள் இருக்கிறது. அதற்கு முன்னால் கொடுப்பதற்கு மீன், இறாலில் ஏதாவது இலகுவாகச் சொல்லுங்கள். போன முறை வந்தவர்கள் எல்லாம் முன்னறையில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மஃரிப் தொழுத நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தாச்சிக்கு முன்னாலேயே நின்றேன்" என்று எழுதியிருக்கிறார்.

இந்தக் குறை நம்மில் பலருக்கும் உண்டு. சுடச்சுடக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், இறால் வடை என்று எல்லாவற்றையும் அன்றைக்கே பொரிக்கப் போவதுதான் காரணம். என்னுடைய கணக்கு இது: பின்னால் புரியாணி வருவதானால் மூன்று பண்டம் தாராளம். அதில் ஒன்று மட்டும் அன்று எண்ணெயில் போடுவதாக இருக்கட்டும். ஒன்று குளிராகப் பரிமாறுவது. மற்றது இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே செய்து போத்தலில் வைத்துவிடுவது.

செய்முறைக்குப் போகுமுன் மீன் வாங்குவதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பல வருடங்களுக்கு முன், என் மூத்த மகளைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள். காலை 8 மணிக்கே சந்தைக்குப் போய் நல்ல சிவப்பான கெலவல்லாத் துண்டு ஒன்று வாங்கினேன். வேறு சாமான்களும் வாங்க வேண்டியிருந்ததால் மீனைப் பையிலேயே வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது 12 மணி. மீன் மணக்கவில்லை, நிறமும் மாறவில்லை. அவித்து உதிர்த்துக் கட்லட் செய்தேன். எல்லோரும் ருசியென்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள்.

அரை மணித்தியாலம் போகவில்லை, மாப்பிள்ளையின் தாயாருக்கு முகம் நெருப்பாகச் சிவந்து, கழுத்தெல்லாம் தடித்து, தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பேருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பெண் பேச வந்தவர்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், அன்றிரவே எல்லோருக்கும் சுகமாகிவிட்டது. கல்யாணமும் நடந்தது. ஆனால் சம்பந்தி அதற்குப் பிறகு பத்து வருடமாக "எனக்குக் கெலவல்லா ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிக்கொண்டு அந்த மீனையே தொடவில்லை. குற்றம் மீனில் இல்லை, அதை நான்கு மணித்தியாலம் வெக்கையில் வைத்துக்கொண்டு அலைந்த என்னில் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அவ்வளவு காலமும் வாய் வரவில்லை.

கெலவல்லா, பலயா, கும்பளா, சாளை போன்ற மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. இது உண்டானதை மணத்தை வைத்தோ ருசியை வைத்தோ நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவித்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. பிறகு பிரிட்ஜில் உறைய வைத்தாலும் போகாது. ஆகவே உண்டாகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. சந்தையில் மற்ற எல்லாவற்றையும் வாங்கிவிட்டுக் கடைசியில் மீன் வாங்குங்கள். ஐஸில் கிடக்கும் மீனையே கேளுங்கள். ஒரு சிறிய ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை. அக்குறணை போன்ற மலைநாட்டு ஊர்களுக்கு மீன் கடற்கரையிலிருந்து லொறியில் வரவேண்டியிருப்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. வழியில் எப்படிக் கிடந்தது என்று தெரியாத கெலவல்லாவை வாங்குவதைவிட, விளைமீன், கொடுவா போன்ற வெள்ளைச் சதை மீன் கிடைத்தால் அதை வாங்கலாம். இந்த ஆபத்து அவற்றில் குறைவு. அதுவும் இல்லாவிட்டால் டின் மீன் இருக்கிறது. கட்லட்டுக்கு டின் மீன் போடுவதைக் குறைவாக நினைக்கும் மாமிமார் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை.

முதலில் கட்லட். 425 கிராம் டின் மீன் ஒன்று, அல்லது முள் நீக்கி அவித்த மீன் 300 கிராம், உருளைக்கிழங்கு அரைக் கிலோ, பம்பாய் வெங்காயம் 2, பச்சைக் கொச்சிக்காய் 5, உள்ளி 4 பல்லு, சிறிய துண்டு இஞ்சி, கறிவேப்பிலை ஒரு நெட்டு, மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பாதித் தேசிக்காய், உப்பு. தோய்ப்பதற்கு முட்டை 2, பாண்தூள் கால் கிலோ. இதில் தேசிக்காய் அளவில் 35 உருண்டை வரை வரும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு அவியுங்கள். உரித்து வெட்டி அவித்தால் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு கட்லட் எண்ணெயில் வெடிக்கும். டின் மீனின் தண்ணீரை நன்றாக வடித்து, நடு முள்ளை எடுத்துவிட்டு உதிர்க்கவும். வெங்காயம், கொச்சிக்காய், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக அரிந்து சிறிது எண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டு, ஈரம் வற்றும்வரை பிரட்டி, மிளகு உப்பு சேர்த்து இறக்கவும். பலரும் இந்த வற்ற வைக்கும் வேலையை அவசரப்படுத்திக் கெடுத்துவிடுவார்கள். சட்டியின் அடியில் ஈரம் தெரியாத வரைக்கும் நின்று கிளறுங்கள். ஆறியபின் மசித்த கிழங்கும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் பிரட்டவும்.

இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடலாம். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூடி, முதல்நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கட்லட் எண்ணெயில் உடையாமல் பொரியும் என்பது இதில் கிடைக்கும் மேலதிக லாபம். விருந்தன்று எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் ஐந்தாறாகப் போட்டால், எல்லாம் முடிய இருபது நிமிடம் பிடிக்கும்.

இரண்டாவது, குளிர் இறால். நடுத்தர அளவில் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது நிற்கும் இறாலாக ஒரு கிலோ வாங்குங்கள். தலையையும் கோதையும் நீக்கி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்தெடுத்துக் கழுவவும். தண்ணீரில் உப்பு, சில முழு மிளகு, ஒரு தேசிக்காய்த் துண்டு போட்டுக் கொதிக்கவைத்து, இறாலைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடவும். சிவந்து பாதி வளைந்தால் வெந்துவிட்டது; முழு வட்டமாகச் சுருண்டால் வெந்தது கூடிப் போய் இறப்பராகிவிட்டது என்று அர்த்தம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு, வடித்து, மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். நான்கு மேசைக்கரண்டி மயோனிஸ், ஒரு மேசைக்கரண்டி தக்காளி சோஸ், அரிந்த பச்சைக் கொச்சிக்காய், சில துளி தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைக் கலந்து தனியாக வைத்துக்கொள்ளவும். மயோனிஸ் கடைப் போத்தலாகவே இருக்கட்டும். வீட்டில் பச்சை முட்டையில் அடித்ததை நம் வெக்கையில் வெளியே வைக்க எனக்குப் பயம். கெக்கரிக்காயை அரை விரல் தடிப்பு வட்டங்களாக வெட்டி, ஈரத்தைத் துடைத்து, மேலே கொஞ்சம் சோஸ், அதன் மேல் ஒரு இறால். இதை முதல்நாளே அடுக்கக்கூடாது, தண்ணீர் விட்டுவிடும். ஆட்கள் வரும்போது பிள்ளைகளை அடுக்கச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மூன்றாவது மாசிச் சீனிச் சம்பல் டோஸ்ட். இதற்குப் பெரிய வித்தை இல்லை. அரைக் கிலோ பம்பாய் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, கறுவாத் துண்டு, ஏலக்காய் 3, றம்பை, கறிவேப்பிலையோடு ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலமளவில் வதக்கவும். நன்றாக இடித்த மாசி மூன்று மேசைக்கரண்டி, இடித்த செத்தல் கொச்சிக்காய் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு சேர்த்து, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டு இறக்கவும். பிரிட்ஜில் நான்கைந்து நாள் தாராளமாக இருக்கும். பாணின் ஓரத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நாலாக்கி, பட்டர் தடவித் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டிக் காலையிலேயே டின்னில் அடைத்துவிடலாம். இறாலுக்கும் கட்லட்டுக்கும் அவ்வளவு செலவழித்த பிறகு, எங்கள் வீட்டில் முதலில் முடிவது இந்தத் தட்டுத்தான். எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு.

கணவாய் வளையம் பொரித்தால் என்ன என்று கேட்பீர்கள். ஐந்தாறு பேருக்கென்றால் செய்யுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் எண்ணெயில் வைக்காதீர்கள். இருபது பேருக்கு வேண்டாம். ஆறினால் சவ்வாகிவிடும், நீங்கள் பழையபடி தாச்சிக்கு முன்னால்தான்.

அழைப்புச் சொல்லும்போதே இரண்டு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, இறாலோ நண்டோ யாருக்காவது ஒவ்வாதா என்பது. உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துண்டே மூச்சை அடைக்கலாம். அப்படி ஒருவர் வருவதானால் இறால் பொரித்த எண்ணெயில் அவருக்குக் கட்லட் பொரிக்கக்கூடாது, தட்டையும் கரண்டியையும் வேறாக்க வேண்டும். மற்றது, நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்பதால் கடலில் உள்ளதெல்லாம் நமக்குப் பழக்கம். மேமன் குடும்பங்களும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வருபவர்களில் அநேகரும் ஹனபிகள். அவர்கள் நண்டும் கணவாயும் சாப்பிடுவதில்லை, இறாலில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அப்படி யாராவது வந்தால் மீன் தட்டு இன்னதென்று சொல்லி நீட்டுவது மரியாதை.

அளவுக்கு, பின்னால் சாப்பாடு இருப்பதால் ஆளுக்கு ஐந்து துண்டு போதும். இறால் தட்டை ஒரேயடியாக வைக்காமல் பாதி பாதியாகக் கொண்டுவாருங்கள். இரண்டு மணித்தியாலம் வெளியே இருந்ததை மீண்டும் பிரிட்ஜில் வைத்து நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். நல்ல வெயில் நாளென்றால் ஒரு மணித்தியாலத்தையே கணக்காக வையுங்கள். கட்லட்டை அஸருக்குப் பிறகு பொரித்து முடித்துவிட்டால், ஆட்கள் வரும்போது நீங்கள் உடுப்பு மாற்றி முன்னறையில் இருக்கலாம்.

சம்பந்திக்கு ஒரு நாள் உண்மையைச் சொல்லி, ஐஸில் வைத்துக் கொண்டுவந்த கெலவல்லாவில் கட்லட் செய்து கொடுத்தேன். முதலில் பாதியை மட்டும் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். பிறகு நான்கு சாப்பிட்டார்.

நண்டுப் பண்டங்கள் கேட்டிருந்த மூதூர்ச் சகோதரிக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.