சாந்தி மீது விழுந்த பழி

2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சில நாட்களிலேயே அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. ‘ஓடுனது பொம்பளையே இல்ல, ஏமாத்திட்டாங்க’ என்ற பேச்சு அன்று கிளம்பியது. இன்றும் அது ஓயவில்லை.

ஏமாற்று என்றால் தெரிந்தே மறைப்பது. சாந்தி எதையும் மறைக்கவில்லை. செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பெண்கள் பிரிவிலேயே ஓடினார். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவர் மீது எழவே இல்லை. ஆண்ட்ரஜன் சுரப்பை உடல் ஏற்காத நிலை அவருக்கு இருப்பதாகச் செய்திகள் கூறின. குரோமோசோம் XY ஆக இருந்தாலும், இந்நிலை முழுமையாக இருப்பவர்கள் பிறப்பிலிருந்தே பெண் உடலோடுதான் வளர்கிறார்கள். பரிசோதனை செய்யும் வரை பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரிவதில்லை.

‘ஆண் பலத்தால் ஜெயித்தார்’ என்ற கூற்றுக்குக் கடிகாரமே பதில் சொல்கிறது. தோகாவில் சாந்தி எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. அவரை முந்தித் தங்கம் வென்றவர் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீராங்கனை கெல்லி ஹோம்ஸ் தமது 34ஆம் வயதில் இதே தூரத்தை 1 நிமிடம் 56.38 விநாடியில் ஓடினார். அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கமும் அவருக்கே. அந்த வேகத்துக்கு எதிரே சாந்தி நாற்பது மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருப்பார். இந்தியாவிலேயே ஷைனி வில்சன் 1995இல் 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடிவிட்டார். ஆண் பலம் என்று சொல்ல இந்த எண்களில் என்ன இருக்கிறது?

பரிசோதனை சொன்னால் அது அறிவியலின் முடிவு என்பது மூன்றாவது வாதம். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ 1985இல் இதே வகைப் பரிசோதனையால் விலக்கப்பட்டார். அவர் உடல் ஆண்ட்ரஜனை ஏற்காது என்று தெரிந்ததும் 1988இல் தடை நீங்கியது. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக இருந்த பரிசோதனையை ஒலிம்பிக் குழு 1999இல் கைவிட்டது. அதன்பின் சந்தேகத்துக்கு ஆளானவர்களை மட்டுமே சோதித்தார்கள். இந்திய ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் வழக்கில் 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம், வீராங்கனைகளின் ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த விதிகளை ஆதாரம் போதாது என்று நிறுத்திவைத்தது. பெண்கள் பிரிவின் நியாயம் குறித்த கவலை உண்மையானதுதான். 2018இல் புதிய ஹார்மோன் விதிகளும் 2025இல் மரபணுச் சோதனையும் வந்தது அதனால்தான். ஆனால் பிற்பாடு வந்த விதியைக் காட்டி 2006இல் ஓடியவரை மோசடிக்காரர் ஆக்க முடியாது.

பதக்கத்தோடு அவர் கதை முடிந்தது என்பதும் தவறு. தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கியது. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். 2012இல் மறுபடியும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்று அரசுப் பயிற்சியாளரானார். பிறப்பிலேயே இப்படி உடல் வேறுபடுவோரைச் சட்டமும் கவனிக்கத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அதை அரசாணையாக்கியது.