நூறாண்டு மழையும் நுனிநாக்கு ஆங்கிலமும்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று. கிருட்டிணா நகரிலும் இரெயின்போ நகரிலும் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. படைவீரர் படகுகளில் வந்து மக்களை மீட்டனர். வெள்ளம் வடிந்ததும் ஓர் ஆறுதல்மொழி எழுந்தது: “இது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை, இனி நம் வாழ்நாளில் வாராது!”

இதனினும் கேடான அறியாமை வேறுண்டோ?

அரிய நிகழ்ச்சிகள் எத்துணை முறை நேரும் என்பதைக் கணிக்கும் நிகழ்தகவுப் பரவலைப் பிரான்சு நாட்டறிஞர் புவாசோன் 1837-இல் வெளியிட்டார். (பிரஞ்சறிந்த புதுவையிலேயே அவர் பெயரை ஆங்கில வாயால் ‘பாய்சான்’ எனச் சிதைப்பது தனி இழிவு!) அப்பரவலின் பண்பளவை ஒன்றே. சராசரி எனப்படும் நிரவலும் அதுவே, பரவற்படியும் அதுவே. ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்பதன் பொருள், நூறாண்டுக் காலத்திற்கு அவ்வளவை 1 என்பதாம். நிரவல் ஒன்று எனின், ஒவ்வொரு நூறாண்டிலும் ஒன்றே என்பதன்று. அத்தகைய நூற்றாண்டுகள் நூறு கொள்க: ஏறத்தாழ 37-இல் அம்மழை வாராது, 37-இல் ஒருமுறை வரும், எஞ்சிய 26-இல் இருமுறையோ அதற்கு மேலோ வரும். ஆண்டுதோறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. சென்ற ஆண்டு பெய்ததை வானம் கணக்கெழுதி வைப்பதில்லை. ஒரு வீட்டில் முப்பதாண்டு வாழ்வோர் அம்மழையைக் காணும் வாய்ப்பு நூற்றில் 26. கடல் சூடேறும் இக்காலத்தில் அவ்வளவைதானும் கல்லிற் பொறித்ததன்று, உயரவும் கூடும்.

பண்பளவை — பரவலின் பண்பைக் காட்டும் அளவை. சொல்லே பொருளை விளக்குகிறது. ‘பாராமீட்டர்’ என நெட்டுருச் செய்த மாணவனோ, எண்ணை எழுதுவான். அது சொல்வதை அறியான்.

இந்நிலையில், புதுவை அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டில் முற்றிலுமாக நடுவண் பாடத்திட்டத்திற்கு மாறின. நிகழ்தகவு, பண்பளவை, பரவற்படி என்னும் சொற்களைத் தந்த தமிழ்ப் பாடநூல்கள் வகுப்பறையினின்று அகன்றன. வெள்ளம் புகுந்ததும் அதே கல்வியாண்டில்தான்!

அறிவு எந்நாட்டதாயினும் கொள்க. அதனைத் தாய்மொழியில் கொள்க. வெள்ள எச்சரிக்கையில் ‘நூறாண்டு மழை’ என்னும் மயக்குமொழியை விடுத்து, ‘ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு’ என்றெழுதுக. வகுப்பறைக்குத் தமிழ்க் கணக்குச் சொற்களை மீட்டுத் தருக. தமிழால் கணக்கியல் இயலுமோ என ஏளனஞ் செய்வோர், ஆங்கிலத்தால் தாம் கற்ற கணக்கு வெள்ளத்தில் எவருக்கு உதவிற்று என்று முதலில் விடை கூறட்டும்!