பெயரைப் பார்க்காதீர்கள், பிக்கப்பைப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவி ஒருவர்)

"பேஸ் கிட்டாரா? அதுல நாலு கம்பிதானே இருக்கு, அது எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் உண்டு. கச்சேரிக்குப் போனால் பாடுபவரைப் பார்க்கிறோம். கீபோர்டு வாசிப்பவரைப் பார்க்கிறோம். டிரம்ஸ் அடிப்பவருக்கு விசில் அடிக்கிறோம். ஓரமாக நின்று நாலு கம்பியை விரலால் தட்டுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால் போதும், அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி பாட்டு ஆடிப்போகும்!

இளையராஜாவின் பாடல்களை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிட்டார் தன் வழியில் தனிக்கதை பேசிக்கொண்டு போகும். அவருக்குப் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். 1996-இல் பிறந்த மோகினி டே உலக மேடைகளில் வாசிக்கிறார். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கு அவர் விரல்களே பதில் சொல்லும்.

இவ்வளவு முக்கியமான கருவியை நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர்கள் எப்படி வாங்குகிறார்கள்? புதிதாக வாங்க எத்தனை பேருக்கு வசதி? முகூர்த்தமும் திருவிழாவும் இருந்தால்தான் வருமானம். மார்கழி வந்தால் கல்யாணக் கச்சேரி கிடையாது. ஆகவே பெரும்பாலோர் வாங்குவது செகண்ட் ஹேண்ட்தான். அதில் தவறே இல்லை. வாங்கும் விதத்தில்தான் எனக்குக் குறை. கருவியின் தலைப்பகுதியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. என் கருத்து இதுதான்: திறந்து பார்க்காமல் வாங்கும் பழக்கம் இருக்கும் வரை, ஓர் ஏழையின் நஷ்டம் இன்னோர் ஏழையின் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

மாட்டுச் சந்தையில் ஒரு பாடம்

என் அப்புச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குத் தவறாமல் போவார். மாட்டைச் சும்மா பார்த்து வாங்கமாட்டார். வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். சுழி பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுக் கால் இழுக்கிறதா என்று கவனிப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். "மாட்டுக்காரன் சொல்றத காதுல வாங்கிக்க, மாடு சொல்றத கண்ணுல வாங்கிக்க கண்ணு" என்பார்.

படிக்காத அவருக்கு இருந்த அந்தப் பழக்கம், கிட்டார் கடைக்குள் நுழைந்ததும் நமக்கு எங்கே போய்விடுகிறது?

பிக்கப் என்றால் என்ன?

பேஸ் கிட்டாரின் பல் எதுவென்று கேட்டால், பிக்கப் என்பேன். கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு பெட்டி தெரிகிறதே, அதுதான். அதனுள் காந்தம் இருக்கும். அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய எனாமல் பூசிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே இருக்கும் எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும்; சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். முதலாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்த ஃபாரடே விதியேதான்! தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிட்டோம். மேடையில் நிற்பவருக்கு அதுதான் சோறு போடுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். கழுத்தில் பிரெட் கட்டைகள் இருந்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது; ஆகவே அந்தப் பெயர். 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிரித்தார்கள். தடித்த இரண்டு கம்பிகளுக்கு (ஈ, ஏ) ஒரு பாதி. மெல்லிய இரண்டுக்கு (டி, ஜி) ஒரு பாதி. இரண்டு பாதிகளின் சுற்றும் காந்தமும் எதிரெதிராக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஓசை மட்டும் நிற்கும். எவ்வளவு எளிமையான அறிவு! 1960-இல் இரண்டு பிக்கப் வைத்த ஜாஸ் பேஸ் வந்தது. 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே, பேட்டரியில் ஓடும் ப்ரீ ஆம்ப்ளிஃபயரோடு வந்தது. இன்று கடைகளில் தொங்கும் எத்தனையோ பேஸ்கள் இந்த மூன்றின் வழியில் வந்த பிள்ளைகள்தான்.

அண்ணன் வாங்கிய கருவி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அண்ணன் ஒன்பதோடு நின்று, வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர். இப்போது ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறார். குழு ஓனரிடம் ரூ.14,000 முன்பணம் வாங்கி, ஒரு கடையில் பழைய பேஸ் ஒன்றை எடுத்தார். கச்சேரிக்கு ஆயிரம் வீதம் கழித்துக்கொள்வதாகப் பேச்சு.

கடைக்காரர் தடித்த இரண்டு கம்பிகளையே தட்டிக் காட்டியிருக்கிறார். கீழே இருக்கும் இரண்டு கம்பிகளில் சத்தம் குறைகிறதே என்று அண்ணன் கேட்டதற்கு, "ஸ்ட்ரிங் பழசுங்க தம்பி, புதுசு போட்டா சரியாயிடும். பேரைப் பாருங்க, இந்தப் பேருக்கே இந்த விலை கொடுக்கலாமுங்க" என்று பதில்.

புதுக் கம்பி போட்டும் சரியாகவில்லை. திருவிழா மேடையில் சீரியல் விளக்குகள் எரிந்ததும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். நம் ஊர் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் பிரெட்டில் பிடித்தால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். வாசிப்பதும் இரைச்சலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் கேட்பவருக்கு எது பாட்டு, எது கரண்ட் என்று எப்படித் தெரியும்? ஓனர் எல்லோர் முன்னாலும் அண்ணனைத் திட்டினார்.

நான் திருப்புளியை எடுத்துக் கருவியைத் திறந்தேன். இந்த வகைப் பிக்கப்பில் இரண்டு பாதியும் சேர்ந்து சுமார் 10, 11 கிலோ ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் 5.2 காட்டியது. டி, ஜி கம்பிகளுக்கான சுருள் அறுந்து போயிருந்தது. யாரோ அதைத் தாண்டி ஒரு சின்ன ஒயரைப் பற்றவைத்து, பாதிப் பிக்கப்பை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். பாதி செத்தால் இரைச்சலை அழிக்கும் வேலையும் சேர்ந்து செத்துவிடும். தலையில் இருந்த பெரிய பெயரும் நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும் ஸ்டிக்கர்தான். இரண்டு கம்பிக்கு விலை கொடுத்து, பதினான்கு கச்சேரிக்குக் கடன்!

'பழைய கம்பி' என்ற சாக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றமாட்டார் என்று பேர் பெற்றவர். 1962-ஆம் ஆண்டு பிரெசிஷன் பேஸில் பழைய கம்பியோடுதான் உலகை ஆட்டினார். பழைய கம்பி மந்தமாக ஒலிக்கும், உண்மை. ஆனால் நான்கும் சேர்ந்துதான் மந்தமாகும். இரண்டு மட்டும் மந்தமானால் குற்றம் கம்பியில் இல்லை!

ஐந்து நிமிடச் சோதனை

வாங்கப் போகும் நண்பர்கள் இவற்றைச் செய்யுங்கள்.

1. கிட்டார் ஒயரைச் சொருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையில் 20 கிலோ ஓம் அளவில் மீட்டரை வையுங்கள். பிரெசிஷன் வகையானால் சுமார் 10. ஜாஸ் வகையானால் ஒரு பிக்கப்பை மூடி மற்றொன்றைத் திறந்து தனித்தனியாகப் பாருங்கள், சுமார் 7. பேட்டரி போடும் கருவியில் இந்த வழி உதவாது. பின்மூடியைத் திறந்துதான் அளக்க வேண்டும்.

2. ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே பிக்கப்பை இரும்புத் திருப்புளியால் மெல்லத் தொடுங்கள். நான்கு இடத்திலும் 'டொக்' என்று ஒரே அளவில் கேட்க வேண்டும்.

3. ஒரு கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது பிரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். மெல்லிய இடைவெளி இருந்தால் நல்லது. பெரிதாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே போகும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி திரும்புகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு பிரெட்டிலும் ஒரு முறையாவது வாசியுங்கள். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

5. சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, எண் போட்டு ரசீது வாங்குங்கள். திருட்டுச் சரக்கு எல்லா ஊரிலும் உண்டு. உலகமே கொண்டாடிய ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986-இல் நியூயார்க்கில் திருடு போனது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டியது. அதற்குள் 1987-இல் அவர் இறந்தே போனார்.

"காதுதான் மீட்டர்" என்பவர்களுக்கு

"ஓம்ஸ் பார்த்தா நாதம் தெரியுமா பாப்பா? காதுதான் எங்களுக்கு மீட்டர்" என்று அண்ணனின் குழுவில் ஒரு மூத்த கலைஞர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. காந்தம், சுற்றுகளின் எண்ணிக்கை, பிக்கப் இருக்கும் இடம், வாசிப்பவரின் விரல் எல்லாம் சேர்ந்துதான் நாதம். மீட்டர் அதைச் சொல்லாது. ஆனால் சுருள் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று மீட்டர் சொல்லும். டாக்டர் நாடி பிடிப்பது ஆளின் குணத்தை அறியவா?

பெயருக்கு மதிப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்யப்பட்ட கருவிகளுக்கு இன்றும் தனி விலை. ஆனால் அவற்றை வாங்குபவர்கள் பெயரை நம்பி மட்டும் பணத்தை நீட்டுவதில்லை. மூடியைத் திறந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் அச்சடித்த எண்ணைப் படிக்கிறார்கள். 1376245 என்றிருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு, 62 ஆண்டு, 45 வாரம். லட்சக்கணக்கில் கொடுப்பவர்களே திறந்து பார்க்கிறார்கள். கடன் வாங்கிக் கொடுக்கும் நாம் திறந்து பார்க்கக் கூடாதா?

விற்பவர்களுக்கும் ஒரு சொல்

அண்ணனிடம் சிலர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "பேசாம இன்னொருத்தன் தலையில கட்டிடு. உள்ள யாரு திறந்து பாக்கப் போறா?" இந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. பழுது அழிவதில்லை நண்பர்களே, அது கை மாறுகிறது. மாறும் ஒவ்வொரு முறையும் முன்னவனைவிடக் குறைவாகத் தெரிந்தவன் கைக்குப் போகிறது. கடைசியில் புதிதாகக் கற்க வரும் ஒரு பையன் கையில் நிற்கிறது. "எனக்கு வரலைடா" என்று அவன் விட்டுவிடுவான். அவனுக்கு வராமல் இல்லை, கருவிக்கு வரவில்லை!

அண்ணன் அந்த யோசனையைக் கேட்கவில்லை. காயில் கட்டும் கடையில் இவ்வளவு மெல்லிய கம்பி எங்களிடம் ஓடாது என்றார்கள். ரூ.1,800-க்கு வேறு பிக்கப் வரவழைத்து நான் பற்றவைத்துக் கொடுத்தேன். ஸ்டிக்கரையும் உரித்து எறிந்துவிட்டார். பெயரில்லாத அந்தக் கருவியில் இப்போது நான்கு கம்பியும் பேசுகிறது. நாளை விற்க நேர்ந்தாலும் "பிக்கப் மாற்றியது" என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்பேன் என்கிறார்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆய்வகத்தில் மல்டிமீட்டர் உண்டு, பற்றவைக்கும் கருவி உண்டு, மூன்று ஆண்டு படித்த கைகள் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, பேராசிரியர்களின் அனுமதியோடு ஒரு மேஜை போடுவோம். சுற்றுவட்டாரக் குழுக்காரர்கள் பேஸ், கிட்டார், ஆம்ப்ளிஃபயர் எதையும் கொண்டு வரட்டும். அளந்து, ஒரு சீட்டில் பிக்கப் எத்தனை ஓம், கழுத்து எப்படி, என்ன மாற்றப்பட்டது என்று எழுதித் தேதி போட்டுக் கொடுப்போம். அந்தச் சீட்டு கருவியோடு கை மாறட்டும். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் ஈயம், கொஞ்சம் காகிதம்.

எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பிள்ளை படிக்க, இன்னொரு பிள்ளை படிப்பை விடுகிறது. விட்டவர்கள் மேடையிலும் பட்டறையிலும் நிற்கிறார்கள். அவர்கள் ஏமாறும் இடத்தில் நம் படிப்பு உதவவில்லை என்றால், டிப்ளமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி என்ன பயன்? அடுத்த கல்வி ஆண்டின் முதல் சனிக்கிழமையே தொடங்குவோம். முதல் மேஜைக்கு மீட்டரோடு நான் வருகிறேன். நீங்கள்?